எந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுக்க? சபை அலமாரி முன்னால் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபை ஒன்றின் நூலக அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறந்து வைப்பேன். புத்தகம் எடுக்க வருகிறவர்களைவிடச் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் அதிகம், சந்தேகங்களும் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, அதனால் ஊருக்கெல்லாம் டீச்சர். பதில்களில் என் பிடித்தமும் பிடிக்காததும் கலந்துதான் இருக்கும்.

டீச்சர், விசுவாசி கதைப் புத்தகம் வாசிக்கலாமா? எல்லாம் பொய்தானன்னு எங்க ஆச்சி சொல்லுதாவ.

இயேசுவே கதை சொன்னவர்தான். கெட்ட குமாரனுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அப்படி ஒருவன் இருந்தானா என்று யாரும் கேட்பதும் இல்லை. தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்த வந்த நாத்தான் தீர்க்கதரிசி நேராகப் பேசவில்லை. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடுங்கிய கதையைச் சொன்னார். ராஜா கொதித்து எழுந்த பிறகுதான் அது யாருடைய கதை என்று சொன்னார். நேராகச் சொன்னால் உள்ளே போகாததைக் கதை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஆச்சியிடம் வாதாட வேண்டாம். ஒரு கதையை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சாயங்காலம் டிவி தொடர் பார்க்கிற ஆச்சி என்றால் வாதாட்டத்துக்கே இடமில்லை.

கிறிஸ்தவ நாவல்னா எது? எழுதினவர் கிறிஸ்தவரா இருந்தா போதுமா?

போதாது, அப்படி இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ஆனால் அது சபையைப் பற்றிய கதையே இல்லை, வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற உலகக் கதை. மறுபக்கம், கடற்கரைக் கிறிஸ்தவர்களின் வாழ்க்கையை மனசில் ஒட்டும்படி எழுதிய 'கடல்புரத்தில்' வண்ணநிலவனுடையது. அவர் பிறப்பால் கிறிஸ்தவர் அல்லர்.

நான் பார்ப்பது ஒன்றுதான். கதையில் வருகிற மனுஷர் யாராவது விசுவாசத்தினால் ஒன்றைச் செய்கிறாரா, செய்ய மறுக்கிறாரா, செய்ய முடியாமல் தவிக்கிறாரா? அது இருந்தால் கிறிஸ்தவக் கதை. கடைசி அத்தியாயத்தில் கன்வென்ஷன் என்கிற எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தல் போட்டு, குடிகாரர் முதல் கடன்காரர் வரை எல்லாரும் கையைத் தூக்கி, மறுநாளே எல்லாம் சரியாகிவிடுகிற புத்தகங்கள் உண்டு. நான் அவற்றை வாங்கிப்போடுவதில்லை. பிரசங்கம் வேண்டுமென்றால் சபையை நடத்துகிற ஐயர், அதாவது போதகர், இருக்கிறார்.

நான் வாரப் பத்திரிகையைத் தாண்டி ஒண்ணும் வாசிச்சதில்ல. முதல்ல எதை எடுக்க?

டால்ஸ்டாயின் சிறுகதை ஒன்றில் தொடங்குங்கள். செருப்புத் தைக்கிற மார்ட்டின் என்ற கிழவர், இன்று ஆண்டவர் வீட்டுக்கு வருவார் என்று சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். வருவதெல்லாம் பனி தள்ளுகிற ஆளும், குழந்தையோடு குளிரில் நடுங்குகிற பெண்ணும், ஆப்பிள் திருடின பையனும்தான். தமிழில் பல பெயர்களில் மொழிபெயர்ப்பு உண்டு. அரைமணி நேர வாசிப்பு.

அது பிடித்தால் 'கடல்புரத்தில்'. 1977இல் வந்த சின்ன நாவல், மணப்பாட்டுக் கரை. வல்லத்தை, அதாவது பாய்மரப் படகை, விற்க மனசில்லாத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி, லாஞ்சு என்கிற இயந்திரப் படகு வந்ததால் ஊருக்குள் மூளும் பகை. துரோகம், கொலை எல்லாம் நடக்கிறது, ஆனாலும் ஒருவரையும் வெறுக்க முடிவதில்லை. பிலோமியை வாசித்து முடித்த பிறகும் நாலைந்து நாள் அவள் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருப்பாள்.

அடுத்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளை என்றாலும் நம் தேரிக்காட்டு ஆட்களுக்கு அந்நியமாகத் தெரியாது. பெரிய வீட்டுப் பெண் லிஸியும் பனையேறி மகன் தங்கராஜும் ஒரே கிறிஸ்தவக் கோயிலுக்குத்தான் போகிறார்கள். வீட்டுக்குள் மட்டும் சேர்ந்து உட்கார முடியாது. சத்தமே போடாமல் எழுதப்பட்ட கதை.

எம் பையனுக்குப் பத்து வயசு. போனை விட்டு இறங்க மாட்டேங்கான். அவனுக்கு என்ன கொடுக்க?

கையில் கொடுக்காதீர்கள், நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். வேல்ஸ் நாட்டு மேரி ஜோன்ஸ் கதை நன்றாக எடுபடும். 1800இல் பதினைந்து வயதுப் பெண் வருஷக்கணக்காகக் காசு சேர்த்து, ஒரு வேதாகமம் வாங்க ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்துபோனாள். அந்தக் கதையைக் கேட்டவர்கள் கூடித்தான் 1804இல் வேதாகமச் சங்கம் உண்டானது. 'அவ்வளவு தூரம் செருப்பில்லாமலா?' என்று பையன் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

பதின்மூன்று பதினான்கு வயதென்றால் சாமர்வெல் டாக்டர். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் உத்தியோகத்தை விட்டு அங்கேயே வேலைக்கு வந்தார். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் இருக்கிற 'ஓலைச்சிலுவை' அவரை வைத்து எழுதிய கதை. அது பெரியவர்களுக்கானது, அப்பா முதலில் வாசித்துவிட்டுப் பையனுக்கு மலையேறின பகுதியிலிருந்து சொல்லத் தொடங்கலாம்.

வி.பி.எஸ் பரிசுக்கு அறுபது பிள்ளைகளுக்கு ஒரே புத்தகமா மொத்தமா வாங்கலாம்லா?

விடுமுறை வேதாகமப் பள்ளிப் பரிசுதானே, அப்படி வாங்காதீர்கள். அறுபது வீட்டிலும் ஒரே புத்தகம் இருந்தால் மாற்றி வாசிக்க வழியில்லை. பத்துப் பதினைந்து தலைப்பாக எடுத்து மேசையில் பரப்பி, பிள்ளைகளையே எடுக்கச் சொல்லுங்கள். டிபன் பாக்ஸ் கொடுக்கிற வழக்கத்தை மாற்ற முடியாவிட்டால் அதற்குள் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

அம்மைக்குக் கண்ணு மங்கல். பெரிய எழுத்துல என்ன கிடைக்கும்?

பெரிய எழுத்து வேதாகமம் கிடைப்பதுபோலப் பெரிய எழுத்துக் கதைகள் தமிழில் எளிதாகக் கிடைப்பதில்லை. வாசித்துக் காட்டுவதற்கு ஏற்றது கண்ணதாசனின் 'இயேசு காவியம்'. அவர் மறைந்த பின் 1982இல் வெளிவந்தது. எளிய சந்தம், ஒரு மூச்சில் ஓர் அத்தியாயம் முடியும். சுவிசேஷம் மனப்பாடமாக இருக்கிற அம்மாமார்கள் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே கேட்பார்கள். பேரப்பிள்ளையை வாசிக்க வைத்தால் போனை விட்டு இறங்காத பையனைப் பற்றிய கேள்விக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடும்.

தாத்தா பெட்டியில 'இரட்சணிய யாத்திரிகம்' கிடக்கு. நாலு வரி வாசிச்சேன், ஒண்ணும் புரியல. எடைக்குப் போட்டுரவா?

போட்டால் என்னிடம் கொண்டுவந்து போடுங்கள்!

எழுதியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் நம் திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கரையிருப்பில் பிறந்தவர். வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். முப்பது வயதுக்குமேல் கிறிஸ்தவரானார். ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' கதையை எடுத்துக் கம்பன் நடையில் காப்பியமாகப் பாடினார். 'நற்போதகம்' பத்திரிகையில் பல வருஷம் தொடராக வந்து 1894இல் நூலானது. 3,700 பாடல்களுக்கு மேல். தேவாரம் மாதிரிப் பதிகங்களை நடுநடுவே வைத்திருக்கிறார். கிறிஸ்தவரான பிறகும் ஆழ்வார்களும் கம்பனும் அவர் நாவை விட்டுப் போகவில்லை. அதுதான் இந்த நூலின் ருசி.

புரியாததற்கு நீங்கள் காரணம் இல்லை, அது அப்படி முதலிலிருந்து வாசிக்க வேண்டிய நூல் இல்லை. முதலில் மோட்சப் பிரயாணத்தை உரைநடையில் வாசித்துக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகில் பாரத்தோடு ஒருவன் வீட்டைவிட்டு ஓடுகிறான், சேற்றில் விழுகிறான், சிலுவையடியில் பாரம் உருண்டு விழுகிறது, பிறகு மாயாபுரிச் சந்தையில் மாட்டுகிறான். கதை கையில் இருந்தால் காப்பியத்தின் பதிகங்களுக்கு நேராகப் போகலாம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு பதிகம், வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் வாசித்தால் இந்தத் தமிழ் பிடிபடாது. இளையராஜா பாட்டை எழுத்தில் வாசித்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

நம்ம ஊரு கதையே நாவலா வந்திருக்கா டீச்சர்? எல்லாம் வெள்ளைக்காரன் கதையாவே இருக்கு.

வந்திருக்கிறது, அதுவும் பாளையங்கோட்டையில் நம் ஊசிக்கோபுரத் தேவாலயத்துக்கு வெகு தூரமில்லாத இடத்தில் நடந்த கதை. 'கிளாரிந்தா'. அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதினார். சரோஜினி பாக்கியமுத்து தமிழில் தந்திருக்கிறார். மாதவையா பெருங்குளத்துக்காரர், பிராமணர், கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவரும் அவர்தான்.

கிளாரிந்தா உண்மையில் வாழ்ந்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்த உறவைக் காரணம் காட்டி, கேட்டபோது ஞானஸ்நானம் கொடுக்க ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் கிளாரிந்தா. 1785இல் அவர் முயற்சியால் கட்டிய கோயிலைத்தான் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோம். திருநெல்வேலிச் சபையின் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது, அதுவும் ஒருமுறை மறுக்கப்பட்டவருடையது. ஆண்டு விழா மலர்களில் இதை மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மாதவையா தாண்டவில்லை. உடன்கட்டையிலிருந்து தப்புவதை நாடகமாக எழுதியிருக்கிறார், காதலை மறைக்கவில்லை, சுவார்ட்ஸை வில்லனாக்கவும் இல்லை. நடுவில் வரலாற்றுப் பாடம் நீண்டுவிடுகிறது, பத்துப் பதினைந்து பக்கம் வேகமாகப் புரட்டலாம். வரலாற்றையும் கற்பனையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு அந்தக் கோயிலுக்கு ஒரு நடை போய்வரலாம்.

டோனாவூர் அம்மா எழுதினதுல எதை முதல்ல வாசிக்க? நம்ம ஊரைக் கேவலமா எழுதிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார்.

டோனாவூர் அம்மா என்கிற மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901இல் டோனாவூருக்கு வந்து, 1951இல் அங்கேயே மறைந்தார். நடுவில் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். பல புத்தகங்கள் அந்தப் படுக்கையில் எழுதியவை.

முதலில் 'மிமோசா'. ஒரே ஒருநாள் சுவிசேஷம் கேட்ட சிறுமி, அப்பா தங்கவிடாததால் திரும்பிப் போகிறாள். சபையும் வேதாகமமும் இல்லாமல் இருபது வருஷத்துக்கு மேல், கல்யாணம், கடன், பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் நடுவே, கேட்ட அந்த ஒன்றை விடாமல் வைத்திருக்கிறாள். உண்மைக் கதை, நாவல் மாதிரி ஓடும். சாகசம் பிடிக்கிறவர்களுக்கு 'ராஜ்'. பனங்காட்டுப் பக்கம் செம்புலிங்கம் என்று பாட்டாகவும் கதையாகவும் பேசுகிற கொள்ளைக்காரரின் வரலாறு. கார்மைக்கேல் அவரை நேரில் சந்தித்தவர். நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தாத்தாக்களுக்கு வாசித்துக் காட்டினால் புத்தகத்தில் இல்லாததையும் அவர்கள் சொல்வார்கள்.

கேவலமாக எழுதினார் என்பது 1903இல் வந்த 'உள்ளது உள்ளபடி' என்ற பொருள்படும் தலைப்புள்ள ஆங்கிலப் புத்தகத்தைப் பற்றியது. விதவைகள் நிலைமை, சாதிக் கட்டு, இந்துக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பெண்குழந்தைகள் எல்லாம் அதில் வரும். அன்றைக்கு இங்கிலாந்திலேயே பலர் நம்பவில்லை. பிந்திய பதிப்பில் மற்ற மிஷனெரிகளின் கடிதங்களைச் சேர்த்து உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் இந்துக் குடும்பங்களை அவர் மிஷன் வண்டியிலிருந்துதான் பார்த்தார், அந்த வீடுகளின் அன்பும் சிரிப்பும் அவர் பக்கங்களில் குறைவு. இதை மனசில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம். அடுத்த வீட்டு இந்துத் தோழிக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

அப்போ இந்து சிநேகிதிக்கு எதைக் கொடுக்கலாம்? மனசும் நோகக்கூடாது, நம்ம விசுவாசமும் தெரியணும்.

உங்களுக்கே ரொம்பப் பிடித்ததைக் கொடுங்கள். 'ஓலைச்சிலுவை' உள்ள 'அறம்' தொகுப்பு நல்ல தேர்வு, மற்றக் கதைகளும் சேர்ந்து கிடைக்கும். இன்னொன்று, விக்டர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய 'ஏழை படும் பாடு'. வெள்ளிப் பாத்திரத்தைத் திருடிக்கொண்டு ஓடினவனைப் போலீஸ் பிடித்துக் கொண்டுவர, 'மெழுகுத்தண்டை ஏன் விட்டுவிட்டுப் போனாய்' என்று அதையும் எடுத்துக் கொடுக்கிற பிஷப்பை எந்த மதத்துக்காரரும் மறக்க மாட்டார். கவிதை பிடிக்கும் என்றால் மேலே சொன்ன 'இயேசு காவியம்'.

ஒரு வேண்டுகோள். புத்தகத்துக்குள் சுவிசேஷக் கைப்பிரதியைச் செருகி வைக்காதீர்கள். அவர்கள் கேட்டால் பேசுங்கள்.

மக காலேஜ்ல படிக்கா. இங்கிலீஷ்ல 'கிறிஸ்டியன் ரொமான்ஸ்'னு வாசிக்கா. விடலாமா?

அட்டையில் சிலுவையோ மலரோ இருப்பதால் உள்ளே எல்லாம் ஞாயிறு பள்ளிப் பாடமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜானெட் ஓக் எழுதுகிறவை அமைதியானவை, பள்ளிப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். பிரான்சின் ரிவர்ஸ் 1991இல் எழுதிய 'ரிடீமிங் லவ்' வேறு ரகம். வழிதவறிய மனைவியைத் திரும்ப ஏற்றுக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையை அமெரிக்கத் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோனது, நாயகி சிறு வயதிலேயே விபசாரத்துக்கு விற்கப்பட்டவள். பதினெட்டுக்குக் கீழே நான் கொடுப்பதில்லை. அதற்கு மேலே நான் தடுப்பதும் இல்லை.

எனக்கு இருக்கிற குறை வேறு. இந்த வகைப் புத்தகங்களில் சரியாக ஜெபித்தால் சரியான மாப்பிள்ளை வருவார். சீதனம் பேசுகிற அத்தையும், ஜாதகம் பார்க்காவிட்டாலும் சாதி பார்க்கிற மாமாவும் அங்கே இல்லை. இரண்டு ரொமான்ஸுக்கு ஒரு 'புத்தம் வீடு' என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லிஸி காத்திருந்த வருஷங்களை வாசித்தால் போதும்.

நாம சி.எஸ்.ஐ. ஆர்.சி. காரங்க எழுதினதை வாசிக்கலாமா?

நாம் தென்னிந்தியத் திருச்சபை, அவர்கள் கத்தோலிக்கர். ஆனாலும் அவர்களை வாசிக்காவிட்டால் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் பாதி போய்விடும். இத்தாலியிலிருந்து வந்து காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' 3,615 பாடல்களில் மரியாளின் கணவர் யோசேப்பின் கதை. 'இரட்சணிய யாத்திரிகம்' வாசிக்கச் சொன்ன வழிதான் இதற்கும். மரியாளைப் பற்றிய பகுதிகளில் உங்கள் உபதேசத்துக்கு ஒத்துவராதது இருக்கும், அதைக் கவிதையாக வாசியுங்கள்.

இன்றைய எழுத்தில் உவரிக்காரர் ஜோ டி குரூஸ் இருக்கிறார். 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. 'கொற்கை' 2013இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. முதலாவதில் வருகிற காகு சாமியார் மாதிரி ஊருக்காகவே கரைந்த குருவானவரைத் தமிழ் நாவலில் வேறெங்கும் நான் சந்தித்ததில்லை. கடற்கரைப் பேச்சு அப்படியே இருக்கிறது, கெட்ட வார்த்தைகள் உட்பட. எடுத்துப் போகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்படியும் பாதியில் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. திருப்பித் தந்து, பிறகு வெட்கத்தோடு வந்து மறுபடி எடுத்துப் போனவர்களும் உண்டு.

இதெல்லாம் எங்க கிடைக்கும்? கடையில கேட்டா அச்சில் இல்லன்னு சொல்லுதாங்க.

நாவல்களுக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் பாருங்கள். பழைய கிறிஸ்தவ நூல்களுக்குச் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் உண்டு, 1858இலிருந்து இருக்கிறது. காப்பியங்கள், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசம். கார்மைக்கேலின் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் சில குட்டன்பர்க் தளத்தில் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடிவிட்டு அப்புறம் இணையத்துக்குப் போங்கள்.

துக்க வீட்டுக்கு என்ன புத்தகம் கொண்டுபோக? வாலிபப் பையன் போயிட்டான்.

முதல் மாதம் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஆறுதல் புத்தகம் என்ற பெயரில் வருகிற பலவும் அந்தச் சிநேகிதர்கள் பேசினதைத்தான் அச்சடித்து வைத்திருக்கின்றன. 'தேவசித்தம்', 'அவருக்குத் தேவையாயிருந்தான்' என்பவை பெற்றவளிடம் சொல்லக்கூடிய வார்த்தைகள் இல்லை.

சில மாதம் கழித்து, அவர்களே தூக்கம் வரவில்லை என்று சொல்கிறபோது, ஆங்கிலம் வாசிக்கிறவர் என்றால் சி.எஸ். லூயிஸ் மனைவி இறந்த பிறகு எழுதிய சின்னப் புத்தகம் இருக்கிறது. 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்று பெயர். 1961இல் தன் பெயரைப் போடாமல் புனைபெயரில் வெளியிட்டார். தேவனைப் பார்த்துக் கோபமாகக் கேட்கிறார், கேட்டதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். விசுவாசத்துக்காக வாதாடிப் பல புத்தகம் எழுதினவரே இப்படி உடைந்தார் என்று தெரிவது சிலருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது. தமிழ் மட்டும் வாசிக்கிறவர்களுக்கு நான் புத்தகம் தேடுவதில்லை. 88ஆம் சங்கீதத்தைக் காட்டுவேன். ஆறுதல் வசனம் ஒன்றும் இல்லாமலே முடிகிற சங்கீதம் அது. அப்படியும் அதை வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகளில் ஒன்று. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை. ஆனால் சாவு நடந்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.

'செத்து மோட்சம் பார்த்துட்டு வந்தேன்'னு ஒரு சாட்சிப் புத்தகம் வாங்கினேன். அதையும் அலமாரியில வைங்களேன்.

மன்னிக்கவும், வைக்க மாட்டேன். அமெரிக்காவில் 2010இல் ஒரு சிறுவன் விபத்துக்குப் பின் மோட்சத்துக்குப் போய்வந்ததாக ஒரு புத்தகம் வந்து அமோகமாக விற்றது. 2015இல் அந்தப் பையனே, தான் சாகவும் இல்லை, மோட்சத்தைப் பார்க்கவும் இல்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னதுதான் என்று எழுதினான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. ஐந்து வருஷம் எத்தனை துக்க வீடுகள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கும்!

முதல் கேள்வியில் ஆச்சி கேட்ட 'பொய்' இங்கேதான் வருகிறது. நாவல் தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது. சாட்சிப் புத்தகம் உண்மை என்று சொல்லி வருவதால் அதைச் சோதிக்கும் உரிமை நமக்கு உண்டு. ஊர், வருஷம், ஆஸ்பத்திரி, கூட இருந்தவர்கள் பெயர் இருக்கிறதா? ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்பும் விவரம் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை வருகிறது? தப்பாமல் சோதனையில் தேறுகிற சாட்சி வேண்டும் என்றால், யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காகச் சித்திரவதை முகாமுக்குப் போன டச்சுப் பெண் கொரி டென் பூமின் 'தி ஹைடிங் பிளேஸ்' இருக்கிறது, 1971. அக்கா பெட்ஸி முகாமிலேயே இறந்துபோகிறாள். அற்புதங்களும் உண்டு, அற்புதம் நடக்காத இடங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பாமா எழுதின 'கருக்கு' மாதிரி சபையைத் திட்டுற புத்தகத்தையெல்லாம் கோயில் அலமாரியில வச்சிருக்கீங்களே, சரியா?

இதைக் கேட்டுக் கமிட்டியிலேயே பேச்சு வந்தது. புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. 'கருக்கு' 1992இல் வந்தது. துறவு மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி பார்த்ததைக் கண்டு வெளியே வந்த ஒரு தலித் கிறிஸ்தவப் பெண்ணின் வாழ்க்கை. சுவிசேஷத்தை நம்பினதால்தான் அவர் அங்கே போனார், அதை நம்பினதால்தான் கேள்வியும் கேட்டார். இரண்டாவது கேள்வியில் நான் சொன்ன அளவுகோலில் அலமாரியிலேயே முதலில் தேறுகிற புத்தகம் இதுதான். ஐசக் அருமைராசனின் 'கீறல்கள்' நாவலும் இதே வலியைச் சொல்கிறது.

நம் ஜில்லாவில் இதெல்லாம் இல்லை என்று சொல்கிறவர்களை வடக்கன்குளத்துக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்காருவதற்கென்றே இரண்டு கையாகப் பிரித்துக் கட்டிய கோயில் அங்கே இருக்கிறது. நடுவில் இருந்த தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர். நாமும் யோக்கியம் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று ஒவ்வொரு சபையும் பார்த்துக்கொள்ளலாம்.

இளைஞர் கூட்டத்தில் சண்டைபோட ஆதாரம் தேடி 'கருக்கு' கேட்கிறவர்களுக்கும் கொடுக்கிறேன். முழுதும் வாசித்தால் சண்டைக்கு வந்தவர் வேறு ஏதாவது கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்.

டீச்சர், யார்ட்டயும் சொல்லாதீங்க. எனக்கு இப்ப ஜெபமே வரல. விசுவாசம் இருக்கான்னே தெரியல. ஒரு புத்தகம் சொல்லுங்க.

வெவ்வேறு வயதில், வெவ்வேறு குரலில் இதைக் கேட்கிறார்கள். ஒரு ஐயரும் கேட்டிருக்கிறார். விசுவாசத்தை நிரூபிக்கிற புத்தகத்தை இந்த நேரத்தில் நான் கொடுப்பதில்லை. வாதத்தில் தோற்றதால் யாருக்கும் ஜெபம் நிற்கவில்லை.

தமிழிலேயே வேண்டும் என்றால் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு. கொலைகாரன் ஒருவனுக்கு, வீட்டின் வறுமையால் உடலை விற்கிற சோனியா, லாசரு உயிரோடு எழுந்த பகுதியை நடுங்கிக்கொண்டே வாசித்துக் காட்டுகிறாள். அவன் உடனே மாறிவிடுவதில்லை. பெரிய புத்தகம்தான், ஜெபம் வராத இரவுகளும் நீளமானவைதான்.

இன்னொன்று ஜப்பான் கத்தோலிக்க எழுத்தாளர் ஷுசாகு எண்டோவின் 'சைலன்ஸ்', 1966. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், மணப்பாட்டில் அவர் தங்கிய குகை இன்னும் இருக்கிறது. அவர்தான் 1549இல் ஜப்பானுக்குப் போய் அங்கே சபையைத் தொடங்கினார். நூறு வருஷத்துக்குள் அந்தச் சபையை அரசு நசுக்கியது. கிறிஸ்துவின் உருவத்தை மிதித்தால் விட்டுவிடுவோம் என்பதுதான் நிபந்தனை. மறுத்தால் சித்திரவதை குருவானவருக்கு இல்லை, அவரை நம்பி வந்த ஏழைகளுக்கு. தேவன் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று அந்தக் குருவானவர் புத்தகம் முழுக்கக் கேட்கிறார். முடிவைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆங்கிலப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலமாரியில் வைக்கவில்லை, பதிவேட்டிலும் பெயர் எழுதுவதில்லை. வேண்டும் என்கிறவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், திருப்பித் தர அவசரமும் இல்லை.